மூன்றரையில் தொடங்கிய முள்

இது நடந்தது. எனக்கு நடந்தது. நம்பாதவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. அந்த விமான இறக்கையிலிருந்து வெட்டியெடுத்த ஒரு முழ நீளக் கட்டை இன்னும் என் பட்டறை அலமாரியில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஐயோவா பக்கம் வந்தால் காட்டுகிறேன். இதுவரை இரண்டு பேர் வந்து, அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ஊற்றி வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போயிருக்கிறார்கள்.

பேய் என்றால் நள்ளிரவு, நாய் ஊளை என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவீர்கள். ஆகஸ்ட் மாதம். பட்டப்பகல். தகரம் கொதிக்கும் மாலை நாலு மணி. இன்றைக்கும் எனக்கு இருட்டைக் கண்டால் ஒன்றும் இல்லை. மாலை நாலு மணிதான் ஆகாது.

என் பெயர் நோரிஸ். டிராக்டர் ரிப்பேர் செய்கிறவன். ஊருக்கு வெளியே, சோளக்காட்டுக்கு நடுவில், ஒரு புல்தரை ஓடுபாதை இருக்கிறது. அதன் ஓரத்தில் ஏழெட்டு தகரக் கொட்டகைகள். கடைசிக் கொட்டகையில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு விமானம் கட்டினோம். வாங்கவில்லை, எங்கள் கையால் கட்டினோம். ஒரே ஒருவர் உட்காரும் குட்டி விமானம். மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். உள்ளே மரம், வெளியே துணி. வானத்தில் குட்டிக்கரணம் அடிப்பதற்கென்றே செய்தது. எங்கள் பக்கம் இது பெரிய அதிசயம் இல்லை. சிலர் படகு கட்டுவார்கள், சிலர் இதைக் கட்டுவார்கள்.

மூன்று பேரில் மூத்தவர் வெண்டல். தானியக் களஞ்சியங்கள் கட்டிய தச்சர். எழுபத்தொரு வயது. இறக்கை முழுக்க அவர் வேலை. கிரெட்டா வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஓட்டுகிறவள். முப்பத்துநாலு வயது, வாய் மட்டும் அறுபது. கட்டி முடித்ததும் ஓட்டப்போவது அவள். எஞ்சின், இரும்பு வேலை, ஒவ்வொரு சோதனையையும் லாக் புக்கில் பதிவு செய்வது எல்லாம் நான்.

எட்டு வருஷம் ஆனது. ஏழாவது வருஷம் பிப்ரவரியில் வெண்டல் மாரடைப்பில் போய்விட்டார். விமானம் பறந்ததை அவர் பார்க்கவே இல்லை.

அடுத்த வருஷம் பறந்தது. முதல் நாற்பது மணி நேரம் பதவிசாகத்தான் ஓட்ட வேண்டும், குட்டிக்கரணம் கூடாது என்பது எங்கள் ஒப்பந்தம். கிரெட்டா கையடித்துக் கொடுத்தாள். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு நாற்பது மணி நேரம் முடிந்தது. அடுத்த சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, காற்று எழும்புவதற்கு முன், முதல் முறையாக முழு வித்தை. ஆறு ஜி வரைக்கும். அதன் பிறகு ஓடுபாதையில் ஊருக்கே பான்கேக் விருந்து.

இந்த ஜி என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நம் எடை ஒரு மடங்கு. விமானம் மூக்கைத் தூக்கி வளையும்போது அதே உடம்பு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கனக்கும். இறக்கைக்கும் அதே பாரம்தான். அதைக் காட்ட ஓட்டுநருக்கு எதிரில் ஒரு சின்ன வட்டக் கடிகாரம் உண்டு. அதில் ஒரு முள் அந்தந்த நொடியைக் காட்டும். இன்னொரு முள் எட்டிய உச்சத்திலேயே நின்றுவிடும். பக்கத்துப் பொத்தானை அமுக்கினால்தான் ஒன்றுக்கு இறங்கும். பொய் சொல்லத் தெரியாத முள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்தான் பொத்தானை அமுக்கினேன். முள் ஒன்றில் நின்றது. கொட்டகையைப் பூட்டினேன். சனிக்கிழமை வரை யாரும் அதை எடுப்பதாக இல்லை.

திங்கட்கிழமை மாலை 6.05. வேலை முடித்து, சனிக்கிழமைக்கு முன் ஒவ்வொரு நட்டையும் சரிபார்க்கலாம் என்று போனேன். பூட்டு பூட்டியபடி இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன்.

முள் மூன்றரையில் நின்றது.

கண்ணாடியை விரலால் தட்டினேன். அசையவில்லை. கிரெட்டாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னைக்கு எடுத்தியா?"

"எதை?"

"நம்ம விமானத்தை."

"பெருசு, காலையில நாலு மணியிலேர்ந்து மதியம் வரைக்கும் சோளத்துக்கு மருந்தடிச்சிட்டு, தூங்கி இப்பதான் எழுந்தேன். என்ன ஆச்சு?"

"முள் மூன்றரையில நிக்குது."

"நீங்க ஞாயித்துக்கிழமை பொத்தானை அமுக்க மறந்திருப்பீங்க. வயசாச்சுல்ல?" என்று சிரித்தாள். வைத்துவிட்டாள்.

நான் மறக்கவில்லை. நாற்பது மணி நேரத்தில் ஒரு நாளும் அந்த முள் மூன்றைத் தாண்டியதும் இல்லை. எனக்கு மூன்றரை என்ற எண்ணே பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். பொத்தானை அமுக்கினேன், பூட்டினேன், போனேன்.

செவ்வாய் மாலை 6.10. முள் நாலில் நின்றது.

நான் இயல்பிலேயே சந்தேகப் பிராணி. என் மனைவி இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லித்தான் சிரிப்பாள். கொட்டகைக்கு மூன்று சாவி. ஒன்று என்னிடம். ஒன்று கிரெட்டாவிடம். வெண்டலின் சாவி அவர் மனைவி ஐரீன் வீட்டு ஆணியில் தொங்குகிறது. ஐரீன் கல்லறைக்கும் கடைக்கும் தவிர வெளியே போவதில்லை. மிச்சம் யார்?

கிரெட்டாவுக்கு மதியத்துக்கு மேல் வேலை இல்லை. காற்று எழும்பிவிட்டால் மருந்து தெளிக்க முடியாது. நானோ ஐந்தரை வரைக்கும் பட்டறையில் கிடப்பேன். கேட்க ஆள் இல்லை.

எஞ்சின் மூடியில் கை வைத்தேன். சுட்டது. ஆனால் ஆகஸ்ட் மாதத்துத் தகரக் கொட்டகையில் எதைத் தொட்டாலும் சுடும். பெட்ரோலை அளந்தேன். ஞாயிற்றுக்கிழமை அளவுதான். மணிக் கணக்கு காட்டும் மீட்டரும் நகரவில்லை. மீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டு ஓட்டி, பெட்ரோலைத் திரும்ப நிரப்பி வைக்க அவளுக்குத் தெரியாதா என்ன? எட்டு வருஷமாக நான்தானே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன்.

கிளம்பும் முன் மூன்று சக்கரங்களிலும் தரையோடு சேர்த்து ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். அரை அங்குலம் உருண்டாலும் கோடு விலகிவிடும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

புதன்கிழமை மதியம் 12.20. சாப்பாட்டுக் கடையில் கிரெட்டா இருந்தாள். தட்டில் பாதி தின்ற சோளக்கதிர். எதிரில் போய் உட்கார்ந்தேன். அவள் கண் இரண்டும் ரத்தச் சிவப்பாக இருந்தது.

தலைகீழாகப் பறந்தால் ரத்தம் கண்ணுக்கு ஏறும். எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"கண்ணு என்ன?" என்றேன்.

"மருந்து பட்டுடுச்சு. ஏன், மூஞ்சிய அப்படி வச்சிருக்கீங்க? பன்றிப் பண்ணையில இருந்து நேரா வந்தீங்களா?"

"மதியத்துக்கு மேல என்ன பண்ணுற?"

"தூங்குறேன்."

"எங்க?"

அவள் சோளக்கதிரைத் தட்டில் வைத்தாள். "என் கட்டில்ல. சாட்சி வேணுமா? பூனையக் கூட்டிட்டு வரட்டுமா?"

பக்கத்து மேஜையில் இரண்டு பேர் சிரித்தார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அன்று மாலை 5.50. கொட்டகைக் கதவைத் திறந்ததும் முதலில் தரையைப் பார்த்தேன். சாக்பீஸ் கோடுகள் மூன்றும் அப்படியே இருந்தன. ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன்.

முள் நாலரையில்.

பிறகுதான் காலுக்கடியில் நறநறவென்றது. குனிந்தேன். மேல் இறக்கைக்கு நேர் கீழே, சிமெண்ட் தரையில்... மணல். ஒரு கைப்பிடிகூட இருக்காது. மஞ்சளான ஆற்று மணல்.

எங்கள் ஓடுபாதை களிமண். சுற்றுவட்டாரத்தில் கரிசல். ஆறு மூன்று மைல் தள்ளி இருக்கிறது.

அந்த மணலை எனக்குத் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மேல் இறக்கைக்குள் நீளவாக்கில் ஓடும் உத்தரக் கட்டைதான் விமானத்துக்கு உயிர். அந்த மரம் வெண்டல் வீட்டுப் பரணில் முப்பது வருஷம் கிடந்தது. நல்ல மரம். ஆனாலும் அவருக்கே மனதில் ஒரு நெருடல் இருந்தது. ஆஸ்பத்திரியில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "மூட்டை முதல்ல. துணி அப்புறம்." சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

மூட்டை என்றால் மணல் மூட்டை. வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் செய்யும் சோதனை. துணி போர்த்துவதற்கு முன், எலும்பாக இருக்கும் இறக்கையை இரண்டு மரத் தாங்கிகள்மேல் கவிழ்த்து வைத்து (பறக்கும்போது காற்று அதை மேல்நோக்கித்தானே வளைக்கும்), மணல் மூட்டைகளை வரிசையாக ஏற்ற வேண்டும். ஒரு ஜி-க்கான பாரம், மூன்று நிமிஷம் பொறுத்திருந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு இரண்டு. பிறகு மூன்று. ஆறு வரைக்கும் சத்தமில்லாமல் தாங்கினால் இறக்கை தேறியது.

நானே தைத்த மூட்டைகளில் ஆற்று மணலை நிரப்பி, ஏப்ரல் பதினொன்றாம் தேதி ஏற்றினேன். கிரெட்டா தெற்கே வேலைக்குப் போயிருந்தாள். தனி ஆள். ஒன்று, இரண்டு, மூன்று. வெண்டல் வழக்கப்படி ஒவ்வொரு எண்ணையும் பென்சிலால் கட்டையிலேயே எழுதி, பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். மூன்றோடு என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மீதியை நாளைக்குப் பார்க்கலாம் என்று போய்ப் படுத்துவிட்டேன். மறுநாள் விடியும்போது வாசலில் தீயணைப்பு வண்டி நின்றது. ஆறு ஏறுகிறது, கரையில் அடுக்க மணல் மூட்டை இருந்தால் கொடுங்கள் என்றார்கள். எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், அவை போனதில் எனக்கு நிம்மதிதான்.

அன்று சாயங்காலம் லாக் புக்கில் எழுதினேன். நாலு, சத்தம் இல்லை. ஐந்து, சத்தம் இல்லை. ஆறு, சத்தம் இல்லை.

ஜூனில் துணி போர்த்தினோம்.

கிரெட்டா அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் சனிக்கிழமை ஆறு ஜி போகிறேன் என்றாள். நான் எழுதியதை நம்பி.

இப்போது புரிகிறதா, எனக்கு ஏன் மூன்றரை பிடிக்கவில்லை என்று? நான் நிறுத்தியது மூன்றில். அடுத்தது மூன்றரைதான்.

இன்னொரு அசிங்கமும் சொல்கிறேன். அந்த மூன்று நாளும் கிரெட்டாவைச் சந்தேகப்பட்டேன் அல்லவா? சந்தேகம் மட்டும் இல்லை. அவளாகவே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் திருட்டுத்தனமாக நாலரை வரைக்கும் பறந்து, இறக்கை தாங்கியிருந்தால், என் பொய் பாதி உண்மை ஆகிவிடும் இல்லையா? அவள் திருடியாக இருந்தால் நான் தப்பித்தேன்.

மணலைப் பெருக்கித் தள்ளிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். 6.30-க்கு வந்தாள். முள்ளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"உண்மையச் சொல்லு கிரெட்டா. நான் கோவிச்சுக்க மாட்டேன். நீதானே எடுத்த?"

"நான் எடுக்கல."

"பின்ன முள் தானா ஏறுச்சா?"

"அதை நீதான் சொல்லணும்." 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது. "கண்ணாடியக் கழட்டி விரலால ஏத்தி வச்சிட்டு, என்னைத் திருடிங்கிறியா? சனிக்கிழமை நான் ஏறக் கூடாதுன்னு உனக்கு இருக்கு. திங்கக்கிழமையிலேர்ந்து பாக்குறேன், உன் மூஞ்சியே சரியில்ல. எதையோ மறைக்கிற."

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"நான் எதையும் மறைக்கல" என்றேன்.

"சரி. நாளைக்கு மதியம் ரெண்டு பேரும் இங்கயே உக்காருவோம். உள்ள இருந்து தாழ்ப்பாள் போட்டுட்டு. எவன் வர்றான்னு பாத்துடலாம்."

வியாழக்கிழமை. பட்டறையில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கே போய்விட்டேன். கிரெட்டா மடக்கு நாற்காலி இரண்டும் குளிர்ந்த தண்ணீரும் கொண்டுவந்திருந்தாள். கதவை உள்ளே தாழிட்டாள். விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பொத்தானைத் தானே அமுக்கினாள். முள் ஒன்றுக்கு இறங்கியது. சாக்பீஸ் கோடுகளைக் காட்டினேன். "துப்பறியும் புலி" என்றாள். நாற்காலிகளை எதிரெதிரே போட்டு உட்கார்ந்தோம்.

3.30. தகரம் வெயிலில் டப் டப்பென்று நெளிந்தது.

3.55. கிரெட்டா கொட்டாவி விட்டாள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னையே.

4.10 ஆனது. தகரச் சத்தம் நின்றது. வெளியே சோளக்காட்டில் பூச்சிகளின் இரைச்சலும் நின்றது. நின்ற பிறகுதான் அது இத்தனை நேரம் இருந்தது என்றே தெரிந்தது.

பிறகு...

தொப்.

மெத்தென்ற சத்தம். மேல் இறக்கையில். இடது பக்கம்.

"பூனையா?" என்றாள் கிரெட்டா.

இறக்கைமேல் எதுவும் இல்லை.

தொப். வலது பக்கம். தொப். மறுபடி இடது. அவசரமே இல்லை. ஒரு மூட்டையை வைத்துவிட்டு, திரும்பி நடந்து, அடுத்ததை எடுத்து வர ஆகும் நேரம். எனக்கு அந்த இடைவெளி மனப்பாடம். என் இடுப்புக்கும் மனப்பாடம்.

நான் எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கிரெட்டா மறுபக்கம் வந்து நின்றாள்.

முள் நகர்ந்தது.

ஒன்றரை. இரண்டு. நாங்கள் பார்க்கப் பார்க்க. அசையாமல் நிற்கிற விமானத்தில்.

"நோரிஸ்... கம்பியப் பாரு."

இரண்டு இறக்கைக்கும் நடுவில் இரண்டு வகைக் கம்பிகள் உண்டு. ஒரு வகை தரையில் நிற்கும்போது விறைத்திருக்கும். இன்னொரு வகை பறக்கும்போது பாரத்தை வாங்கி விறைக்கும். தரையில் விறைக்க வேண்டியவை தொளதொளவென்று ஆடின. பறக்கும்போது விறைக்க வேண்டியவை நாண் ஏற்றிய வில்லாக இறுகி, ம்ம்ம்ம் என்று முனகின.

இறக்கையின் நுனிகள், பறக்கும்போது வளைவதுபோல், மேல்நோக்கி வளைந்திருந்தன.

சக்கரங்கள் தரையில்தான் இருந்தன. கோடுகள் விலகவில்லை.

மூன்று. மூன்றரை. நாலு.

தொப். தொப்.

இறக்கையின் விளிம்பிலிருந்து மெல்லிசாக மணல் உதிர்ந்தது. கிரெட்டா கையை நீட்டினாள். அவள் உள்ளங்கையில் விழுந்தது. அவள் அதையே பார்த்தாள். கையை மூடவும் இல்லை, உதறவும் இல்லை.

4.21. முள் ஐந்தில் நின்றது.

சத்தம் நின்றது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன பாக்குற?"

"மூணு நிமிஷம்" என்றேன்.

"என்ன மூணு நிமிஷம்?"

யாரோ இறக்கைக்குப் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பார்க்க முடியவில்லை. ஆனால் அந்த இடம் காலியாக இல்லை.

4.24. மிகச் சரியாக.

தொப்.

முள் ஐந்தரை.

ஒரு நிமிஷம்.

கம்பிகளின் முனகல் ஏறியது...

ஒரு நிமிஷம் நாற்பது விநாடி...

படீர்!

துப்பாக்கி வெடித்ததுபோல். கிரெட்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கம்பிகள் தளர்ந்தன. நுனிகள் இறங்கின. ஒரு முள் ஒன்றுக்கு வந்தது. உச்சத்தைக் காட்டும் முள் ஐந்தரையிலேயே நின்றது.

வெளியே பூச்சிகள் மறுபடி இரைந்தன.

முதலில் எழுந்தவள் கிரெட்டாதான். "கத்தி" என்றாள். நான் அசையவில்லை. அவளே என் பெட்டியைத் திறந்து எடுத்தாள். ஏணியைப் போட்டு ஏறினாள். எட்டு வருஷ உழைப்பு, ஏழு பூச்சு பெயிண்ட், ஒரு கோடு கிழித்துத் துணியை விலக்கினாள். டார்ச் அடித்தாள்.

உத்தரக் கட்டை குறுக்காகப் பிளந்திருந்தது. விரல் நுழையும் அளவுக்கு.

"நாற்பது மணி நேரம் குழந்தை மாதிரி ஓட்டுனேன்" என்றாள். "இது எப்படி..." சட்டென்று நிறுத்தினாள். "இங்க என்னமோ எழுதியிருக்கு. மேல வா."

நான் ஏணியின் மறுபக்கம் ஏறினேன்.

பென்சில் எழுத்து. 1, 2, 3. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் முதலெழுத்து. நான் எழுதியது.

அதன் கீழே வரிசை தொடர்ந்தது.

3½. 4. 4½. 5. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டிக். அந்த 4 என்ற எண்ணின் தலை மூடாமல் திறந்திருந்தது. தச்சுப் பென்சிலின் பட்டையான கோடு. களஞ்சியம் களஞ்சியமாக நாங்கள் பார்த்த கையெழுத்து.

கடைசியில் 5½. பக்கத்தில் டிக் இல்லை. பெருக்கல் குறி.

"இது வெண்டல் எழுத்து" என்றாள் கிரெட்டா. "அவர் செத்து நாலு மாசம் கழிச்சுத்தான் துணி போர்த்துனோம். அப்ப நானும் இந்தக் கட்டையைத் தொட்டேன். இது இருந்துச்சா?"

"மூணு வரைக்கும்தான் இருந்துச்சு."

அவள் டார்ச்சை என் முகத்துக்குத் திருப்பினாள்.

"லாக் புக்ல ஆறு வரைக்கும் இருக்கே, நோரிஸ்."

"ஆமா."

"உன் எழுத்துல."

"ஆமா."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். ஏணியிலிருந்து இறங்கினாள். சாவிக் கொத்திலிருந்து கொட்டகைச் சாவியைக் கழற்றிக் கீழ் இறக்கைமேல் வைத்தாள். தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"சனிக்கிழமை நான் ஆறு இழுத்திருப்பேன்."

அவள் வண்டிச் சத்தம் மறையும் வரை நான் ஏணியிலேயே நின்றேன். அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை 9.15-க்கு ஐரீன் வீட்டுக்குப் போனேன். வெண்டலிடம் மன்னிப்புக் கேட்க முடியாது. அவர் மனைவியிடமாவது கேட்டுவிடலாம் என்றுதான். என்ன நடந்தது என்று கிரெட்டாவும் சொல்லவில்லை, நானும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஐரீன் கையில் துடைப்பத்தோடு கதவைத் திறந்தார். "கால நல்லாத் தொடச்சிட்டு வா நோரிஸ். இந்த வாரம் பூரா இந்த மிதியடியில மணல். தினம் சாயங்காலம் கூட்டித் தள்ளுறேன். எந்தப் பய கால்ல ஒட்டிக்கிட்டு வருதோ... நேத்தும் கூட்டுனேன்."

மிதியடியின் ஓரத்தில் வெண்டலின் பழைய பூட்ஸ் இன்னும் இருந்தது. நான் அதைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

"ஐரீன், வெண்டல் கடைசியா என்கிட்ட ஒரு வாக்கு கேட்டாரு..."

"அட, நல்லவேளை ஞாபகப்படுத்துன." அவர் சமையலறை இழுப்பறையைத் திறந்தார். "உனக்குன்னு ஒண்ணு சொன்னாரு. நீ பாத்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரி. மருந்து மயக்கம், உளறல்னு நினைச்சேன். இருந்தாலும் கையில கிடைச்ச காகிதத்துல எழுதி வச்சேன். ஒண்ணரை வருஷமாச்சு, கொடுக்கவே மறந்துட்டேன் பாரு."

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுத் தட்டோடு வரும் சீட்டு. ஒரு பக்கம் அச்சில் தேதி, நோயாளி பெயர், கோழி சூப், ஆப்பிள் கூழ். மறுபக்கம் ஐரீனின் குண்டு குண்டான எழுத்தில் ஒரே வரி.

'நோரிஸ் மூணுல நிறுத்திடுவான். அவனைத் திட்டாதீங்க. மீதிய நானே ஏத்திக்கிறேன்.'

"எதைப்பா ஏத்துறது?" என்று கேட்டார் ஐரீன்.

நான் சீட்டைத் திருப்பித் தேதியைப் பார்த்தேன். பிப்ரவரி ஒன்பது. அந்த மூட்டைகளைத் தைக்க நான் ஊசியைக் கையில் எடுத்ததே மார்ச் கடைசியில்தான்.